கூடைப்பந்து: களத்தில் 40 நிமிடம், வெளியே மீதி நாள்!

"பாஸ்கெட்பால் ஆடினா பையன் உசரமா வளருவானுங்களா, டாக்டர்?"

எமரால்டில் என் வைத்தியசாலைக்கு வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பிள்ளையை ஊட்டி போர்டிங் பள்ளியில் சேர்த்தவரும் கேட்கிறார்; தேயிலைத் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுபவரும் கேட்கிறார். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளரமாட்டான். உயரம் தாய், தந்தை வழியில் வருவது. அதற்கு மேல் நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம், நோய் நொடி இல்லாத குழந்தைப் பருவம். உயரமான பிள்ளைகளைப் பார்த்துத்தான் இந்த ஆட்டத்துக்கு எடுக்கிறார்கள். நாம் அதைத் திருப்பிப் போட்டு, ஆட்டம்தான் உயரத்தைக் கொடுத்தது என்று நினைத்துக்கொள்கிறோம். பெண் குழந்தைகள் வயதுக்கு வந்து இரண்டு, மூன்று வருடத்துக்குள் வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும். அதற்குப் பிறகு எந்த லேகியமும், எந்தப் பவுடரும் ஓர் அங்குலம்கூடச் சேர்க்காது. சேர்க்கும் என்று யாராவது விற்றால், பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் இல்லாவிட்டால் ஆட முடியாதா? அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் மக்சி போக்ஸ் என்ற வீரர் 1987 முதல் 2001 வரை 14 பருவங்கள் ஆடினார். அவர் உயரம் 5 அடி 3 அங்குலம். நம் ஊர் பஸ் கண்டக்டர்களில் பாதிப் பேர் அவரைவிட உயரம்!

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் பெண்ணோ பையனோ இந்த ஆட்டத்தையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டால், அந்த உடம்பு எதையெல்லாம் தாங்க வேண்டியிருக்கும்? வீட்டில் இருக்கிற நாம் அதற்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது?

ஆபீஸும் உண்டு, ஆட்டமும் உண்டு

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு வாழ்க்கையைப் பாருங்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 2000-லிருந்து 2017 வரை இந்தியப் பெண்கள் அணியில் ஆடினார். 19 வயதிலேயே அணித் தலைவி ஆனார். ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் 9 முறை ஆடியவர். நடுவில் கல்யாணம், குழந்தை. பிள்ளை பெற்ற பிறகு மறுபடியும் களத்துக்கு வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில், இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று 'ஏ' பிரிவுக்கு ஏறிய இந்திய அணியில் அவரும் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ.

இத்தனைக்கும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது ஏதோ பணக்கார கிளப் இல்லை, தெற்கு ரயில்வே. அவரோடு அதே தெற்கு ரயில்வே அணியில் ஆடிய கேரளத்துக்காரர் கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் அணிக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்கும் அழைக்கப்பட்டார். அவருக்கும் சோறு போட்டது ரயில்வே வேலைதான். நம் நாட்டில் கூடைப்பந்தில் 'தொழில்முறை' என்றால் பெரும்பாலும் இதுதான் பொருள்: ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை என்று ஓர் உத்தியோகம், அதன் பெயரில் ஆட்டம். தனியார் லீகுகள் வந்தன. 2015-ல் தொடங்கிய யூ.பி.ஏ. லீக் இரண்டு, மூன்று வருடத்தில் நின்றுபோனது, 2022-ல் ஐ.என்.பி.எல். என்று வேறொன்று வந்தது. லீகை மட்டும் நம்பிப் படிப்பை விட்டுவிடாதீர்கள் என்று நான் சொன்னால் பிள்ளைகளுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

களத்துக்குள் என்ன நடக்கிறது?

களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். கூடை இருக்கும் உயரம் 3.05 மீட்டர், அதாவது 10 அடி. சர்வதேச ஆட்டம் 10 நிமிடம் வீதம் நான்கு பகுதி. மொத்தம் 40 நிமிடம். "நாப்பது நிமிஷம்தானே!" என்று தோன்றும். 1995-ல் ஆஸ்திரேலியாவில் வீரர்களை ஆட்டம் முழுக்கக் கண்காணித்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஓடுவது, நிற்பது, திரும்புவது, குதிப்பது, பக்கவாட்டில் நகர்வது என்று ஒரு ஆட்டத்தில் ஏறக்குறைய 1000 முறை அசைவு மாறுகிறது. சராசரியாக இரண்டு, மூன்று நொடிக்கு ஒரு மாற்றம்! ஒவ்வொரு மாற்றத்திலும் கணுக்காலும் முழங்காலும்தான் அடியை வாங்குகின்றன. சித்த வைத்தியத்தில் மூட்டுகளை வாதத்தின் இருப்பிடம் என்போம். அதிக ஓட்டமும் குளிரும் தூக்கமின்மையும் வாதத்தை ஏற்றும். இந்த மூன்றும் கூடைப்பந்துப் பிள்ளைக்கு ஒன்றாகச் சேர்ந்தே வருகின்றன.

அதிலும் நம் மலைப் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. எமரால்டு ஏறக்குறைய 2000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியிலிருந்து ஆட வரும் பிள்ளைகள் இரண்டு முறை ஓடினாலே மூச்சு வாங்குவது இதனால்தான். நம் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. ஆனால் அவர்கள் சென்னைக்கோ திருச்சிக்கோ மே மாதம் தேர்வுக்குப் போனால் கதை தலைகீழ். மூச்சுக்குப் பஞ்சமில்லை, வெயில்தான் அடித்துப் போட்டுவிடும். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். "நாளைக்கு செலக்‌ஷன், இன்னிக்கு ராத்திரி பஸ்" என்று அனுப்பினால், பாவம், அந்தக் குழந்தை என்ன செய்யும்? முடிந்தால் ஒரு வாரமாவது முன்னாலேயே கீழே உறவுக்காரர் வீட்டில் விடுங்கள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. உப்புப் போட்ட நீர்மோரோ, உப்பும் வெல்லமும் சேர்த்த எலுமிச்சைத் தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து ஈடுகட்டுங்கள். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஒரே மூச்சில் குடிப்பதும் ஆபத்து.

இங்கே மலையில் கவனிக்க வேண்டியது குளிரும் ஈரமும். சிமெண்ட் களத்தில் பனி இறங்கினால் சோப்புத் தண்ணீர் கொட்டின மாதிரி வழுக்கும். மார்கழி, தை விடியற்காலையில் ஸ்வெட்டரைக் கழற்றியதும் குதிக்க ஆரம்பிக்கக் கூடாது. 15 நிமிடமாவது மெதுவாக ஓடி உடம்பைச் சூடேற்றிய பிறகுதான் பந்து.

சுளுக்கு என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்

கூடைப்பந்தில் அதிகம் அடிபடுவது கணுக்கால். குதித்து இறங்கும்போது அடுத்தவர் பாதத்தின் மேல் கால் பட்டு உள்பக்கமாக மடங்கும். உடனே நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? எண்ணெய் போட்டு உருவுகிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து இன்னும் பலமாக உருவுகிறார். வீங்கிய காலை உருவினால், கிழிந்த நாரில் இரத்தக்கசிவு கூடும், வீக்கம் கூடும். எலும்பில் கீறல் இருந்தால் அது விலகும். முதல் இரண்டு, மூன்று நாள் உருவவே கூடாது. இதை ஒரு சித்த வைத்தியனே சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் நாள்: ஆட்டத்தை நிறுத்து. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியோ, துணியில் சுற்றிய ஐஸோ 15 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை. எமரால்டில் குழாய்த் தண்ணீரே போதும், ஐஸ் தேடி ஓட வேண்டாம்! கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஊன்றி நாலடி நடக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் முட்டி எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் துள்ளுகிறான் என்றால், எக்ஸ்ரே எடுக்காமல் யாரிடமும் கட்டுப் போடாதீர்கள்.

மூன்று நாள் கழித்து வீக்கம் வடிய ஆரம்பித்ததும் எங்கள் வைத்தியத்துக்கு இடம் வருகிறது. நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி இளஞ்சூட்டில் ஒற்றடம். பிறகு தைலம் மெதுவாகத் தேய்ப்பது. நம் மலையில் காய்ச்சும் யூகலிப்டஸ் தைலத்தை ஊருலகமே 'நீலகிரித் தைலம்' என்கிறது. இன்னொன்று விண்டர்கிரீன் தைலம். அந்தச் செடி நீலகிரியில் தானாகவே வளர்வது. அதில் உள்ள சாலிசிலேட் வலியைக் குறைக்கும். ஒரு எச்சரிக்கை: இது மேல்பூச்சுக்கு மட்டும். ஒரு ஸ்பூன் உள்ளே போனால் சின்னக் குழந்தைக்கு உயிராபத்து. எட்டாத உயரத்தில் வையுங்கள். வேறு எண்ணெயில் கலக்காமலும், புண் இருக்கும் இடத்திலும் தடவ வேண்டாம்.

வலி போனதும் ஆட விட்டுவிடுகிறோமே, அங்கேதான் அடுத்த சுளுக்கு காத்திருக்கிறது. நார் கிழியும்போது, 'கால் எப்படி நிற்கிறது' என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு உணர்வும் கெடுகிறது. ஆகவே தினமும் ஒற்றைக் காலில் நிற்கப் பழக்குங்கள். முதலில் கண்ணைத் திறந்து, பிறகு மூடி. பல் தேய்க்கும்போதே செய்யலாம், செலவில்லை. அடிபட்ட காலில் மட்டும் நின்று தடுமாறாமல் துள்ள முடிந்த பிறகுதான் களம்.

முழங்கால் விஷயம் இதைவிடப் பெரிது. இறங்கும்போது 'பட்'டென்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் முட்டி பந்து மாதிரி வீங்குவது, நடக்கும்போது முட்டி நழுவுவது போன்ற உணர்வு. இந்த மூன்றும் இருந்தால் உள்ளே இருக்கும் குறுக்குத் தசைநார் அறுந்திருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு, மூன்று மடங்கு அதிகம். ஸ்கேன் எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டியது இது. முடக்கத்தான் தோசையில் அறுந்த நார் ஒட்டாது. ஆபரேஷன் செய்தால் ஆட்டத்துக்குத் திரும்ப 9 மாதமாவது ஆகும். அதற்கு முன் திரும்பியவர்களில் பலருக்கு மறுபடி அறுகிறது. "ஸ்டேட் மீட் வருது, ஒரு மேட்ச் மட்டும்" என்று வந்து நிற்கும் பயிற்சியாளரிடம், வேண்டாம் என்று சொல்ல வேண்டியது அப்பாவும் அம்மாவும்தான். பிள்ளை சொல்லாது.

விரலில் பந்து குத்தினால் சொடக்கு எடுத்து இழுக்காதீர்கள். விரல் நுனி தானாக நிமிரவில்லை என்றால் நார் விட்டிருக்கிறது. நிமிர்த்தி வைத்துக் கட்டி 6 வாரம் போல ஓயாமல் காக்க வேண்டும். இல்லாவிட்டால் விரல் நிரந்தரமாக வளைந்துவிடும்.

டீயை எப்போது குடிக்கிறாள்?

சாப்பாட்டில் நான் முதலில் கேட்பது முட்டை சாப்பிடுகிறாளா என்று அல்ல. டீ எப்போது குடிக்கிறாள் என்று! தேயிலை விளையும் ஊர். சாப்பிட்டதும் கை கழுவுவதற்குள் டம்ளரில் டீ வந்துவிடும். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்புக்குச் சேர விடாது. ஏற்கெனவே மாதாமாதம் இரத்தம் போகும் பெண் குழந்தைக்கு இது இரட்டை நஷ்டம். "முன்ன மாதிரி ஓட மாட்டேங்கறா, சோம்பேறித்தனம்" என்று திட்டும் பல வீடுகளில் இருப்பது சோம்பல் அல்ல, சோகை. ஹீமோகுளோபின் பாருங்கள். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேருங்கள். அது இரும்பைச் சேர்த்துக்கொள்ள உதவும்.

எலும்புக்கு நம் பழைய சாப்பாட்டை மிஞ்சியது இல்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ராகிக் களியும் அவரைக் குழம்பும் இந்த மலைக் கிராமங்களின் பழைய சாப்பாடு. இப்போது பிள்ளைகளுக்கு அது கசக்கிறது. சூப் பாக்கெட்டும் நூடுல்ஸும் இனிக்கிறது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுக்கும் உளுந்தங்களி, விளையாடும் பெண்ணுக்குத் தினமும் கொடுக்கத் தகுந்தது. சடங்கோடு நிறுத்திவிடாதீர்கள். பிரண்டைத் துவையலும் நல்லது. நாரெடுத்து எண்ணெயில் நன்றாக வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும்: வேகவைத்த முட்டை, சுண்டல், வாழைப்பழத்தோடு பால்.

ஒன்றை அம்மாக்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லையா? "விளையாடற பொண்ணுங்களுக்கு அப்படித்தான், தொல்லை விட்டுது" என்று பயிற்சி முகாம்களில் சொல்வதுண்டு. அது தொல்லை விட்டதல்ல. ஆடுகிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்று உடம்பு சொல்லும் தகவல். அப்படியே விட்டால் எலும்பின் அடர்த்தி குறையும், ஓடும்போதே எலும்பில் கீறல் விழும். பிள்ளை பெற்றுத் திரும்பும் வீராங்கனைகளுக்கும் இதே கவனம் தேவை. மூன்று மாதத்துக்கு முன் ஓட்டமோ குதிப்போ வேண்டாம். இடுப்புக்கூட்டின் தசைகள் முதலில் பலப்பட வேண்டும்.

தூங்கினால் பந்து விழும்

வேடிக்கையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரைச் சில வாரம் தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். 2011-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, ஃப்ரீ த்ரோ குறி தப்பாமல் விழுவது 9 சதவீதம் கூடியது, ஓட்டமும் வேகமானது. புது ஷூ வாங்கவில்லை, டானிக் குடிக்கவில்லை. தூங்கினார்கள், அவ்வளவுதான். என்.பி.ஏ. வீரர்கள் ஒரு பருவத்தில் 82 ஆட்டம் ஆடுகிறார்கள். இன்று ஓர் ஊர், நாளை இன்னோர் ஊர், நடுராத்திரி விமானம். இவ்வளவு பணம் புரளும் அந்த அணிகளே இப்போது தூக்கத்துக்குத் தனி நிபுணர்களைக் கேட்கின்றன. நம் வீட்டில் பையன் ஐந்து மணிக்கு எழுந்து பிராக்டிஸ் போகிறான். இரவு டியூஷன், அதற்குப் பிறகு பதினோரு மணி வரை போன். எங்கே தேறுவான்?

எண்ணெய் முழுக்கு தூக்கத்துக்கு நல்லது. வாரம் இரண்டு முறை. ஆனால் ஆட்ட நாளிலும் அதற்கு முதல் நாளிலும் வேண்டாம். அன்று உடம்பு அசதியாக இருக்கும். இங்கத்திய குளிரில் வெயில் ஏறிய பிறகு வெந்நீரில்தான்.

மனசும் இதில் சேர்த்திதான். 2017 நவம்பரில் கெவின் லவ் என்ற பெரிய என்.பி.ஏ. வீரருக்கு ஆட்டத்தின் நடுவிலேயே நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியது. களத்தை விட்டு வெளியேறினார். இருதயத்தில் ஒன்றுமில்லை, பதற்ற நோய். 2018 மார்ச்சில் அதை அவரே எழுதினார். அதற்குச் சில வாரம் முன்னால் டெமார் டிரோசன் தன் மனச்சோர்வை வெளியே சொல்லியிருந்தார். கோடிகள் சம்பாதிக்கும் ஆறரை அடி ஆளுக்கே இது வருமென்றால், ஹாஸ்டலில் தனியாக அழும் 15 வயதுப் பெண்ணுக்கு வராதா? தோற்றுவிட்டு வரும் பிள்ளையிடம் பஸ்ஸிலேயே "அந்த பாலை ஏன் பாஸ் பண்ணலை?" என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் சாப்பாடு போடுங்கள். அவளாகப் பேசினால் கேளுங்கள்.

ஒரு நிமிடம் இருதயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990 மார்ச்சில் ஹேங்க் கேதர்ஸ் என்ற 23 வயது அமெரிக்கக் கல்லூரி வீரர் ஆட்டத்திலேயே விழுந்து இறந்தார். இருதயத் தசை தடித்துப்போகும் கோளாறு. 2014-ல் என்.பி.ஏ. அணிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாளுக்குச் சில நாள் முன்னால், ஐசையா ஆஸ்டின் என்ற ஏழடி இளைஞருக்கு மார்ஃபன் என்ற பிறவி நோய் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. பெரிய இரத்தக்குழாய் விரிந்து வெடிக்கக்கூடிய நோய் அது. அளவுக்கு மீறிய உயரம், சிலந்திக் கால் போல நீண்ட விரல், உயரத்தைவிட நீளமான கை விரிப்பு, உள்வாங்கிய நெஞ்சு, கிட்டப்பார்வை. இவை சேர்ந்திருந்தால் இருதய மருத்துவரிடம் எக்கோ பாருங்கள். ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளை, இளம் வயதில் திடீரென்று இறந்தவர் உள்ள குடும்பத்துப் பிள்ளை, இவர்களுக்கும் அப்படியே. நாடி பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது.

லேகியமும் தடை வாங்கித் தரும்

இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த சத்னம் சிங் பமாரா, 7 அடி 2 அங்குலம், 2015-ல் என்.பி.ஏ.வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர். 52-வது ஆளாக டல்லாஸ் அணி எடுத்தது. நாடே கொண்டாடியது. 2019 நவம்பரில் அவரிடம் எடுத்த மாதிரியில் 'ஹிஜெனமைன்' என்ற பொருள் இருந்தது. 2020 டிசம்பரில் இரண்டு வருடத் தடை அறிவித்தார்கள். பிறகு அவர் அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

இந்த ஹிஜெனமைன் எங்கே இருக்கிறது தெரியுமா? தாவரங்களில். தாமரை விதைக்குள் இருக்கும் பச்சை முளையில் இருக்கிறது. நாபி இனத்து வேர்களில் இருக்கிறது. சீந்திலுக்கு உறவான ஒரு கொடியிலும் இருக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கும், இருதயத்தை வேகப்படுத்தும் குணம் உள்ளது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில் 2017 முதல் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. போட்டி இல்லாத நாளிலும் தடைதான்.

"மூலிகைதானே, சைடு எஃபெக்ட் இல்லை" என்று நம்மவர்கள் சொல்வதை நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. வேலை செய்கிற மருந்து எதுவானாலும் அதில் வேலை செய்கிற பொருள் ஒன்று இருக்கும். எங்கள் மருந்துகளில் சேரும் எட்டிக்கொட்டையில் ஸ்ட்ரிக்னின் இருக்கிறது. போட்டிக் காலத்தில் தடை. சில பழைய லேகியங்களில் கஞ்சா முறைப்படி சேரும், அதுவும் தடை. சுத்தி செய்து, அளவோடு, நோயாளிக்குக் கொடுக்கும்போது இவை மருந்து. போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு இவை ஆபத்து. இதைவிட மோசம், மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கும் 'மூட்டுவலி மூலிகை மாத்திரை'களும், ஜிம்மில் கைமாறும் டப்பாப் பவுடர்களும். முதலாவதில் ஸ்டீராய்டு கலப்படம் பிடிபட்டிருக்கிறது. இரண்டு நாளில் வலி போகிறதே என்று நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். போவது அந்த ஸ்டீராய்டால்தான்.

இந்தச் சட்டத்தில் 'எனக்குத் தெரியாது' என்ற பதில் வீரரைக் காப்பாற்றாது. உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு அவருடையதே. பாட்டி அன்போடு கொடுத்த கஷாயமும் அப்படித்தான். ஆகவே மாநில அளவில் ஆட ஆரம்பித்துவிட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், வைத்தியரிடம் போனதும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "இவ போட்டியில ஆடறா, டெஸ்ட் எடுப்பாங்க." அலோபதி, சித்தா, ஆயுர்வேதம், யாராக இருந்தாலும் சரி. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இன்ஹேலரைப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. சால்பியூட்டமால் குறிப்பிட்ட அளவு வரை அனுமதி உண்டு. வேறு மருந்து கட்டாயம் தேவைப்பட்டால், மருத்துவக் காரணம் காட்டி முன்கூட்டியே விலக்கு கேட்க வழி இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய இடம் இந்தியாவின் ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான 'நாடா'.

நான் போட்டிப் பிள்ளைகளுக்கு உள்மருந்து கொடுப்பதைக் கூடுமான வரை தவிர்க்கிறேன். ஒற்றடம், மேல்பூச்சுத் தைலம், கட்டு, சாப்பாடு. விண்டர்கிரீன், யூகலிப்டஸ் தைலங்களைத் தடவுவதற்குத் தடை எதுவும் இல்லை. இன்னும் ஒன்று. மாதிரி எடுக்கும்போது கொடுக்கும் படிவத்தில், கடைசி 7 நாளில் சாப்பிட்ட மருந்து, டானிக், சத்துமாவு எல்லாவற்றையும் எழுதச் சொல்வார்கள். பதற்றத்தில் பிள்ளைகள் "ஒண்ணும் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் "லேகியம்" என்று ஒரே வார்த்தை. அது போதாது. ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுத்து, மருந்தின் முழுப் பெயர், தயாரித்தவர், பாட்டிலில் அச்சிட்ட பேட்ச் நம்பர், எந்தத் தேதியில் எவ்வளவு சாப்பிட்டாள் என்பதை அன்றன்றைக்கே எழுதி வைக்கப் பழக்குங்கள். பாட்டில் காலியானாலும் தூக்கி எறியாமல், அந்தப் பருவம் முடியும் வரை அலமாரியில் வையுங்கள்.